எலி கடிச்ச ஆப்பிள் மரமும் வசந்தத்துக்கு முந்தின ஆறு வாரமும்

பனி முழுசா உருகல, மர நிழல்ல இன்னும் திட்டுத் திட்டா வெள்ளையா கிடக்கு, அந்த நேரத்துல நானும் அப்பாவும் தோட்டத்தை ஒரு சுத்து சுத்தி வர்றது வருஷா வருஷம் வழக்கம். கத்திரி, ரம்பம் எதுவும் எடுத்துட்டுப் போகமாட்டோம், கையில கத்திரி இருந்தா பாக்கறதுக்கு முன்னாடி வெட்டத்தான் தோணும்னு அப்பா சொல்லுவாரு. ஒரு நோட்டு, ஒரு பென்சில். எந்தக் கிளை முறிஞ்சிருக்கு, எந்த மரத்துல போன வருஷத்துப் பழம் காய்ஞ்சு தொங்குது, எந்தப் பாத்தியில தண்ணி தேங்கி நிக்குது, எல்லாத்தையும் எழுதிட்டு வந்து அதுக்கப்புறம்தான் வேலை. கடைசி உறைபனிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கும்னு ஒரு கணக்கு, அந்த ஆறு வாரத்துக்குள்ள பழத்தோட்டம், காய்கறிப் பாத்தி ரெண்டையும் தயார் பண்ணணும்.

இந்த வருஷம் அந்தச் சுத்துல ஆப்பிள் வரிசையில மூணாவது மரத்துக்கிட்ட நின்னுட்டோம். 14 வயசு மரம், அப்பா கையால நட்டது, வரிசையிலயே நல்லா காய்க்கறது. அடியில மூடாக்கு, அதாவது மண்ணை மூடப் போடற வைக்கோலும் இலையும், குமிஞ்சு கிடந்துச்சு, காலால தள்ளினேன், உள்ள பட்டையே இல்ல. தரையிலேருந்து ஒரு சாண் உயரத்துக்குள்ள, நடுவுல சுமார் 18 சென்டிமீட்டர் அகலத்துக்கு, சுத்தி ஒரு முழு வளையமா பட்டையை எலி தின்னுட்டு வெறும் கட்டை மட்டும் மஞ்சளா தெரியுது, குறுக்கும் நெடுக்குமா சின்னச் சின்னப் பல்தடம். முயலா இருந்தா கொஞ்சம் மேல கடிக்கும், சின்னக் குச்சியெல்லாம் கத்தியால சாய்ச்சு வெட்டின மாதிரி இருக்கும், இது தரையோட தரையா பனிக்கு அடியில குடைஞ்சு வந்த எலி வேலை. தப்பு என்னுது. இலையுதிர் காலத்துல வைக்கோலும் காய்ஞ்ச இலையுமா மரத்துத் தண்டை ஒட்டியே குமிச்சு வச்சது நான்தான், குளிருக்கு நல்லதுன்னு நினைச்சு வச்சேன், அது எலிக்கு மெத்தை மாதிரி ஆயிடுச்சு. அப்பா ஒண்ணும் திட்டல, குனிஞ்சு விரலால சுத்தி சுத்தி தடவிப் பாத்தாரு, எங்கயாவது ஒரு கீத்துப் பட்டையாவது ஒட்டிட்டு இருக்கான்னு. இல்ல.

இதுல ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகணும், ஏன்னா நிறைய பேர் இங்கதான் ஏமாந்து போறாங்க. இப்படிப் பட்டை போன மரம் வசந்தத்துல அழகா துளிர்க்கும், பூக்கவும் பூக்கும். தண்ணி ஏறறது உள்ள இருக்கற கட்டை வழியா, அதை எலி தொடல. இலையில தயாராகற சாப்பாடு கீழ வேருக்கு இறங்கறதுதான் பட்டை வழியா, அந்த வழி அறுந்து போச்சு. வேர் தன்கிட்ட இருக்கற சேமிப்பை வச்சு கொஞ்ச காலம் ஓட்டும், அது தீர்ந்ததும் பட்டினியில சாகும், அதுக்கப்புறம் மேல இருக்கறதும் போயிடும். பூத்திருக்கே, பரவால்லன்னு விட்டுட்டா அந்த வருஷ முடிவுலயோ அடுத்த வருஷமோ மரம் இருக்காது. ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழ அடியிலேருந்து புதுசா போத்து (இளங்கிளை) வந்தாலும் அது வேர்ச்செடியோட, அதாவது நம்ம ரகத்தை ஒட்டியிருக்கற அடிச்செடியோட ரகமாத்தான் இருக்கும், நம்ம ஆப்பிள் வராது. பக்கத்து ரெண்டு மரத்துலயும் கடி இருந்துச்சு, ஆனா சுத்தளவுல கால்வாசிகூட இல்ல, அது தானா ஓரத்துலேருந்து மூடிக்கும், பிசிரை மட்டும் சுத்தம் பண்ணி விட்டோம். இந்த மூணாவது மரத்துக்கு இருக்கற ஒரே வழி பாலம் ஒட்டு, அதாவது கீழ இருக்கற உயிர்ப்பட்டைக்கும் மேல இருக்கற உயிர்ப்பட்டைக்கும் நடுவுல குச்சியால பாலம் போடறது.

ஆனா அதை அன்னைக்கே செய்ய முடியாது. பட்டை கட்டையிலேருந்து வழுக்கிட்டு வர்ற நேரம் வரணும், அது மொட்டு உடையற சமயத்துலதான் வரும். ஒட்டுக்குச்சி மட்டும் இப்பவே வெட்டியாகணும், மொட்டு இன்னும் தூங்கிட்டு இருக்கறப்பவே. குச்சியும் மரமும் ஒரே நேரத்துல முழிச்சா குச்சியில இலை வந்து, ஒட்டு கூடறதுக்கு முன்னாடியே ஈரத்தை இழந்து காய்ஞ்சுடும். அதனால முதல் நாள் முதல் வேலையா போன வருஷம் வளந்த நேரான போத்து, பென்சில் கனம், 35 சென்டிமீட்டர் நீளத்துல 12 வெட்டினேன், தேவை ஏழுதான் ஆனா கையில கூடுதல் இருக்கணும். ஈரத்துணியில சுத்தி, பிளாஸ்டிக் பையில போட்டு, ஃப்ரிட்ஜ்ல வச்சாச்சு. ஃப்ரிட்ஜ்ல இருந்த பழத்தையெல்லாம் எடுத்து வெளிய வைக்கச் சொல்லிட்டேன், பழுத்த பழத்துலேருந்து வர்ற எத்திலீன் வாயு மொட்டைக் கொன்னுடும். அம்மாவுக்கு ஒரு மாசத்துக்கு ஃப்ரிட்ஜ்ல ஒரு தட்டு கிடையாது, "மரம் பொழச்சா சரி, வச்சுக்கோ"ன்னுட்டாங்க.

அன்னைக்கு சாயங்காலமே கருவிங்க. கத்திரியைக் கழட்டி துருவை எஃகு நாரால தேய்ச்சு, சாய்வா இருக்கற பக்கம் மட்டும் சாணைக்கல்லுல தீட்டினேன், தட்டையான பக்கத்தைத் தீட்டினா ரெண்டு அலகுக்கும் நடுவுல இடைவெளி விழுந்து வெட்டறதுக்குப் பதிலா நசுக்கும். மண்வெட்டி, களைக்கொத்துப் பிடிக்கெல்லாம் ஆளி விதை எண்ணெய் தடவறோம், அந்த எண்ணெய்த் துணியை மட்டும் சுருட்டி மூலையில போட்டுடாதீங்க, தானாவே சூடேறி தீப்பிடிக்கும், வெளிய விரிச்சுக் காயப் போட்டுட்டுதான் தூக்கிப் போடணும்.

பீச் மரத்துக்கு மருந்து அடிக்கறதும் அந்த முதல் வாரத்துலயே. இலைச்சுருள் நோய்க்குக் காரணமான பூஞ்சை மொட்டுச் செதிலுக்குள்ளயும் பட்டை மேலயும்தான் குளிர்காலம் முழுக்க உக்காந்திருக்கும், மொட்டு வீங்க ஆரம்பிச்சு மழையும் பெய்ஞ்சா உள்ள இறங்கிடும், இலை சுருண்டு சிவந்து குமிழ் குமிழா ஆனதுக்கப்புறம் எந்த மருந்தும் வேலை செய்யாது. அதனால மொட்டு வீங்கறதுக்கு முன்னாடி தாமிர மருந்து, ஒவ்வொரு குச்சியும் நனையற மாதிரி, காத்தில்லாத காலையில. போன வருஷம் பத்து நாள் தள்ளிப் போட்டதுல ரெண்டு மரம் முதல் கொழுந்து முழுக்க கொட்டிடுச்சு, அதனால இந்த வருஷம் தினமும் மொட்டைத் தொட்டுப் பாத்துட்டே இருந்தேன். பிளம் மரத்துல காய்ஞ்சு சுருங்கித் தொங்கின பழத்தையெல்லாம் பாப்பா ஏணிக்குக் கீழ வாளியைப் பிடிச்சுக்க நான் பறிச்சுப் போட்டேன், தரையில கிடந்ததையும் பொறுக்கி எடுத்தோம், பழுப்பு அழுகல் அடுத்த பூவுக்குப் பரவறதே அந்தக் காய்ஞ்ச பழத்துலேருந்துதான்.

அப்புறம் கவாத்து, அதாவது வேண்டாத கிளையை வெட்டி எடுக்கறது. எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இதுதான், இலை இல்லாத மரத்தோட எலும்புக்கூட்டைப் பாத்துட்டு நிக்கறதுக்கே தனியா நேரம் வேணும். முதல்ல செத்தது, முறிஞ்சது, நோய் வந்தது, அதுக்கப்புறம் ஒண்ணோட ஒண்ணு உரசறது, உள்நோக்கி வளர்றது, கிளை மேல ஈட்டி மாதிரி நேரா நிக்கற நீர்ப்போத்து. இதை எடுத்து முடிச்சாலே பாதி வேலை முடிஞ்சிருக்கும், அப்புறம் தள்ளி நின்னு பாத்து உயரத்தைக் குறைக்கறதா உள்ள வெளிச்சம் விடறதான்னு முடிவு பண்ணலாம். மொத்தத்துல கால்வாசிக்கு மேல ஒரே வருஷத்துல எடுக்கமாட்டோம், அதிகமா எடுத்தா மரம் பதறிப் போய் அடுத்த வருஷம் நீர்ப்போத்தாவே தள்ளும். கைவிட்டுப் போன பழைய மரத்தைச் சரி பண்றதுன்னா மூணு வருஷத் திட்டம்னு வச்சுக்கணும்.

கனமான கிளைக்கு மூணு வெட்டு. தண்டுலேருந்து ஒரு முழம் தள்ளி அடியிலேருந்து கால்வாசி ஆழம் ஒரு வெட்டு, அதுக்கு ரெண்டு விரல் வெளிய மேலேருந்து ரெண்டாவது வெட்டு, கிளை பாரம் போனதும் மிச்சக் கட்டையை, தண்டோட சேர்ற இடத்துல சுருக்கம் சுருக்கமா ஒரு காலர் மாதிரி புடைச்சுட்டு இருக்கும் பாருங்க, அதைத் தொடாம அதுக்கு வெளிய மூணாவது வெட்டு. அந்தப் புடைப்பை வெட்டிட்டா மூடறதுக்கு மரத்துக்கிட்ட ஆயுதமே இல்ல. தாத்தா காலத்துல வெட்டுக்காயம் எல்லாத்துக்கும் தார் பூசுவாங்க, அப்பாவும் ரொம்ப வருஷம் பூசினாரு. அமெரிக்க வனத்துறையில வேலை பாத்த அலெக்ஸ் ஷைகோங்கறவரு ஆயிரக்கணக்கான மரத்தை நீளவாக்குல அறுத்துப் பாத்து, மரம் நம்ம தோல் மாதிரி காயத்தை ஆத்தறதில்ல, கெட்ட பகுதியைச் சுத்தி உள்ளயே சுவர் எழுப்பி அடைச்சுட்டு வெளியில புதுக்கட்டை வளக்குதுன்னு காட்டினாரு, பூச்சு பூசறதால அழுகல் நிக்கறதில்லன்னும் சொன்னாரு. எங்க தோட்டத்துலயே தார் பூசின பழைய வெட்டுக்கு அடியில ஈரம் தங்கி மக்கிப் போயிருந்ததைப் பாத்ததுலேருந்து அப்பாவும் விட்டுட்டாரு.

பேரி மரத்துல ஒரு கிளை நுனி கருகி, கைத்தடி மாதிரி வளைஞ்சு, இலை உதிராம கருப்பா ஒட்டிட்டு இருந்துச்சு, அது தீக்கருகல், பாக்டீரியா நோய். கருகல் தெரியற இடத்துலேருந்து 30 சென்டிமீட்டர் கீழ நல்ல கட்டையில வெட்டி எரிச்சோம், ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவுல ரம்பத்தை 70 சதவீத ஆல்கஹால்ல துடைச்சேன். பேரிக்கு இந்த வருஷம் எருவும் குறைச்சல்தான், தழைச்சத்து அதிகமாப் போனா வர்ற கொழகொழன்னு இருக்கற கொழுந்துதான் அந்த நோய்க்கு வாசல்.

பீச்சுக்கு மட்டும் கவாத்தைக் கடைசிக்குத் தள்ளிட்டோம். ஆப்பிள், பேரி ரெண்டும் வருஷக்கணக்கா நிக்கற குட்டைக் கொப்புல காய்க்கும், பீச் போன வருஷம் வளந்த குச்சியில மட்டும்தான் காய்க்கும், அதனால அதுக்கு தைரியமா நிறைய வெட்டலாம், ஆனா சீக்கிரம் வெட்டிட்டு அப்புறம் கடும் குளிர் அடிச்சா அடி வாங்கும், பூ மொட்டு நிறம் காட்டற வரைக்கும் பொறுத்தா எது உயிரோட இருக்குன்னும் தெரிஞ்சுடும்.

நடுவுல காய்கறி பக்கம். பழைய விதையை எல்லாம் எடுத்து ஒவ்வொண்ணுலயும் பத்து விதை ஈரக் காகிதத்துல சுருட்டி வீட்டுக்குள்ள வச்சுப் பாத்தோம், தக்காளி நாலு வருஷத்துப் பழசு எட்டு முளைச்சுது, வெங்காய விதை ரெண்டு வருஷம்தான் ஆச்சு, ஒண்ணே ஒண்ணு முளைச்சுது, வெங்காயம் எப்பவும் அப்படித்தான், புதுசு வாங்கியாச்சு. மிளகாய் விதையை முதல்லயே குழித்தட்டுல போட்டோம், தக்காளி அடுத்த வாரம். முளைக்கறதுக்கு 21லேருந்து 27 டிகிரி சூடு வேணும், முளைச்சதுக்கப்புறம் சூட்டை விட வெளிச்சம் முக்கியம், ஜன்னல் வெளிச்சம் போதாது, விளக்கை நாத்துக்கு மேல அஞ்சாறு சென்டிமீட்டர்ல தொங்கவிட்டு ஒரு நாளைக்கு 14லேருந்து 16 மணி நேரம் எரிய விட்டோம்.

பாத்தியில இறங்கறதுக்குத்தான் பொறுமை வேணும். வெயில் அடிச்ச ரெண்டே நாள்ல தம்பி டில்லரை (மண்ணை உழற சின்ன மிஷின்) எடுத்துட்டு வந்துட்டான், அப்பா "மண்ணை எடுத்துப் புடிச்சுப் பாருடா"ன்னாரு. ஒரு கை மண்ணை அழுத்திப் புடிச்சு விரலால தட்டினா உதிரணும், உருண்டையாவே நின்னா இன்னும் பதம் வரல. ஈர மண்ணை உழுதா, ஏன் மிதிச்சாலே, காத்துப் போற துளையெல்லாம் மூடி கட்டி கட்டியா இறுகிடும், அந்த வருஷம் முழுக்க உடைக்க முடியாது. பத்து நாள் காத்திருந்தோம். அதுக்குள்ள மண் பரிசோதனை முடிவும் வந்துச்சு, கார அமில அளவு (pH) 5.6, காய்கறிக்கு 6லேருந்து 7க்குள்ள இருக்கறது நல்லது, சுண்ணாம்பு போட்டோம், ஆனா அது மெதுவாத்தான் வேலை செய்யும், போன இலையுதிர் காலத்துலயே போட்டிருக்கணும். மக்கின உரம் ரெண்டு விரக்கடை கனத்துக்கு மேல பரப்பினோம், புரட்டல, தோட்டத்து முள்கரண்டியால குத்தி லேசா ஆட்டி விட்டதோட சரி, மிச்சத்தை மண்புழு பாத்துக்கும். பச்சைச் சாணம் இந்த நேரத்துல கூடவே கூடாது, மண்ணைத் தொட்டு வளர்ற கீரை, கேரட்டுக்கெல்லாம் சாணம் போட்டதுக்கும் அறுவடைக்கும் நடுவுல 120 நாளாவது இருக்கணும், நாங்க அதைக் குளிருக்கு முன்னாடியே போட்டு முடிச்சுடுவோம். மண் சூடு 7 டிகிரி தொட்டதும் பட்டாணியும் பசலையும் விதைச்சாச்சு, பீன்ஸுக்கு 15 டிகிரியாவது வேணும், அது பின்னாடி. சொட்டுநீர்க் குழாய்ல கடைசி மூடியைக் கழட்டி தண்ணியை வேகமா விட்டு அழுக்கை வெளியேத்தினோம், உறைஞ்சு வெடிச்ச ரெண்டு இணைப்பை மாத்தினான் தம்பி, அது அரை நாள் வேலை.

நாலாவது வாரம் ஆப்பிள் மொட்டு நுனியில பச்சை எட்டிப் பாத்துச்சு. அன்னைக்குத்தான் எண்ணெய் தெளிப்பு, 2 சதவீதக் கரைசல். செதில் பூச்சி, சிலந்திப் பேன் முட்டை, அசுவினி முட்டை எல்லாம் உறக்கம் கலைஞ்சு வேகமா மூச்சு விடற நேரம் அது, எண்ணெய்ப் படலம் மூடினா மூச்சு முட்டிச் சாகும், இதுக்கு முன்னாடி அடிச்சா முட்டை இன்னும் உறக்கத்துல இருக்கும், அவ்வளவு பலன் இருக்காது. அடுத்த நாள் ராத்திரி உறைபனி இல்லன்னு பாத்துட்டுதான் அடிச்சோம், கொஞ்ச நாளைக்கு முன்னாடி கந்தக மருந்து அடிச்ச மரத்துல எண்ணெய் அடிக்கக்கூடாது, இலை கருகிடும்.

அஞ்சாவது வாரம், மூணாவது மரம். மொட்டு பிரிய ஆரம்பிச்சிருந்துச்சு, கத்தி நுனியால பட்டையைக் கீறித் தூக்கினா ஈரமா வழுக்கிட்டு வந்துச்சு. அப்பா ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டாரு, கத்தி என் கையில, இந்த ஒட்டு நான் இதுவரைக்கும் பாத்திருக்கேன் செஞ்சதில்ல. முதல்ல கடிபட்ட வளையத்தோட மேல் ஓரம் கீழ் ஓரம் ரெண்டையும் உயிர்ப்பட்டை வர்ற வரைக்கும் சுத்தமா வெட்டினேன், பச்சையும் வெள்ளையுமா தெரியணும், பழுப்பு இருக்கக்கூடாது. தண்டு சுத்தளவு 45 சென்டிமீட்டர், ஆறு சென்டிமீட்டருக்கு ஒண்ணுன்னு ஏழு பாலம். ஒவ்வொரு இடத்துலயும் மேலயும் கீழயும் குச்சி அகலத்துக்கு ரெண்டு கோடு கீறி பட்டையை நாக்கு மாதிரி தூக்கினேன். குச்சியோட ரெண்டு முனையையும் ஒரே பக்கமா அஞ்சு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரே இழுப்புல சாய்ச்சு சீவணும், ரெண்டு தடவை சீவினா மேடு பள்ளம் ஆயிடும், கட்டையோட ஒட்டாது. மூணு குச்சி அப்படிப் போச்சு, நல்லவேளை 12 வச்சிருந்தோம்.

"தலைகீழா வச்சுடாதம்மா, மொட்டு மேல பாக்குதா பாரு"ன்னு ஒவ்வொரு குச்சிக்கும் அப்பா சொல்லிட்டே இருந்தாரு. தலைகீழா வச்சா தற்காலிகமா ஒட்டினாலும் தடிக்காது, பொழைக்காது, அதனால எடுக்கறப்பவே மேல் முனையில சிவப்பு மை வச்சிருந்தேன். சீவின முகம் கட்டையைப் பாக்கற மாதிரி கீழ சொருகி, சின்ன ஆணி ஒண்ணு, அப்புறம் குச்சியை லேசா வில்லு மாதிரி வெளிய வளைச்சு மேல சொருகி இன்னொரு ஆணி. அந்த வளைவு அவசியம், காத்துல மரம் ஆடறப்ப நேரா இருக்கற குச்சி இழுத்துட்டு வந்துடும். மேலயும் கீழயும் ஒட்டு மெழுகை உருக்கி, ரொம்ப சூடு இல்லாம, காத்து போகாத மாதிரி பூசினோம், வெறும் கட்டைப் பகுதிக்கும் காயாம இருக்க லேசா ஒரு பூச்சு. கவாத்து வெட்டுக்குப் பூச்சு வேண்டாம்னு மேல சொன்னேன், ஒட்டுக்கு வேணும், இங்க மெழுகு அழுகலைத் தடுக்கறதுக்கு இல்ல, குச்சி காய்ஞ்சு போகாம ஈரத்தைக் காக்க. ஏழு பாலம் முடிக்க மூணு மணி நேரம், எழுந்திரிக்கறப்ப முதுகு நிமிரல.

ஆறாவது வாரம் முடிஞ்சும் உறைபனி போகல. ஆப்பிள் பூ முழுசா விரிஞ்ச மூணாம் நாள் ராத்திரி வானம் துடைச்ச மாதிரி தெளிஞ்சு காத்தும் நின்னுடுச்சு. பூ விரிஞ்ச நேரத்துல -2.2 டிகிரி அரை மணி நேரம் இருந்தா பத்துல ஒரு பூ போகும், -3.9 ஆனா பத்துல ஒம்பது போகும், நடுவுல இருக்கற இந்த ஒண்ணே முக்கால் டிகிரிதான் ஒரு வருஷ மகசூல். மரத்தடிப் புல்லை முன்னாடியே ஒட்ட வெட்டி, பகல்லயே மண்ணை நல்லா நனைச்சு வச்சிருந்தோம், ஈரமான வெறும் மண் பகல் சூட்டைப் பிடிச்சு வச்சு ராத்திரி விடும். குட்டை மரத்துக்கு மட்டும் துணி போத்தினோம், தரை வரைக்கும் தொங்கற மாதிரி. விடிகாலை -2.4 காட்டுச்சு. மறுநாள் பூவைக் கிள்ளிப் பாத்தா பள்ளமான பக்கத்துல நிறைய பூ நடுவுல கருத்திருந்துச்சு, மேட்டுப் பக்கம் பெரும்பாலும் பச்சைதான். தக்காளி நாத்தை அதுக்கப்புறம்தான் வெளிய பழக்க ஆரம்பிச்சோம், முதல் நாள் நிழல்ல ஒரு மணி நேரம், தினமும் கொஞ்சம் கூட்டி, பத்து நாள்.

இன்னைக்கு ஒட்டுப் போட்டு நாலு வாரம். ஏழுல அஞ்சு குச்சி பசுமையா இருக்கு, நகத்தால கீறினா பச்சை தெரியுது, ரெண்டு சுருங்கிடுச்சு, ரெண்டும் நான் முதல்ல செஞ்ச வடக்குப் பக்கத்து குச்சிங்க. அஞ்சுலயும் மொட்டு துளிர்த்துச்சு, அதையெல்லாம் விரலால தேய்ச்சு எடுத்தாச்சு, பாலம் கிளையா மாறக்கூடாது, தடிக்கணும். அந்த மரத்துல பூத்த பூவையும் பாப்பாவும் நானுமா ஏணி போட்டு முழுக்க கிள்ளிட்டோம், இந்த வருஷம் அது காய்க்க வேண்டாம். மத்த எல்லா மரத்துக்கும் மூடாக்கைத் தண்டுலேருந்து ஒரு சாண் தள்ளி இழுத்து வச்சாச்சு. ஆறு மில்லிமீட்டர் கண்ணு வச்ச கம்பி வலை வந்து இறங்கியிருக்கு, பனி ஏறற உயரத்துக்கு மேல நிக்கற மாதிரி, அடியில நாலு விரல் மண்ணுக்குள்ள புதைச்சு, நாளைக்குக் காலையில மூணாவது மரத்துலேருந்து ஆரம்பிக்கறோம்.